ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் மேளம்: எழுத்து ஆடுகிறது, பாட்டு மாறினால் நாம் ஆட வேண்டியிருக்கிறது

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பர், விழா வீடியோவில் பாட்டுக்கேற்ப எழுத்து துள்ள வேண்டும், அதற்கு எழுத்தையும் படத்தையும் அசைய வைக்கும் அடோபியின் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளை எடுக்கலாமா என்று கேட்டார். பல வருடமாக இதில்தான் என் பிழைப்பு. ஆனாலும் சட்டென்று "எடுங்க" என்று சொல்ல வாய் வரவில்லை.

முதலில் எனக்குப் பிடித்ததைச் சொல்லிவிடுகிறேன். ஆடியோ லேயரை, அதாவது ஒலிக்கான அடுக்கைத் தேர்ந்தெடுத்து, நம்பர் பேடில் (விசைப்பலகையின் வலது பக்க எண் விசைகளில்) புள்ளியை அழுத்தினால் படம் இல்லாமல் ஒலி மட்டும் ஓடும். அது ஓடும்போதே தாளம் விழும் இடத்தில் நட்சத்திரக் குறியைத் தட்டிக்கொண்டே போக வேண்டியதுதான். நிறுத்தியதும் லேயர் மேல் வரிசையாக மார்க்கர், அதாவது அடையாளக் குறி நிற்கும். அலைவடிவத்தை உற்றுப் பார்த்துக் கண் எரிய வேண்டியதில்லை; காது கேட்டதை விரல் எழுதிவிடுகிறது. நம்பர் பேட் இல்லாத லேப்டாப் என்றால் யூ.எஸ்.பி.யில் தனியாக ஒன்று வாங்கிவிடுங்கள். இவ்வளவு சின்னச் செலவில் இவ்வளவு நிம்மதி வேறெதிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

கேரளக் கோயில் விழாக்களில் செண்டையும் இலைத்தாளமும் சேர்ந்து ஒலிக்கும் பஞ்சாரி மேளத்தில் இந்த வித்தை பாதி தூரம்தான் வரும். முதல் காலத்தில் (காலம் என்றால் வேகப் படி) ஒரு சுற்றுக்கு 96 அட்சரம், அதாவது தாள எண்ணிக்கை; அப்புறம் 48, 24, 12, கடைசியில் 6. சுற்று சுருங்கச் சுருங்க வேகம் கூடும். முதல் காலத்தில் சாவகாசமாகத் தட்டலாம். ஐந்தாம் காலத்தில் எந்த விரலும் ஈடு கொடுக்காது. அங்கேதான் 'கன்வெர்ட் ஆடியோ டு கீஃப்ரேம்ஸ்' கட்டளை வேண்டும் (கீஃப்ரேம் என்றால் இந்த நேரத்தில் இந்த அளவு என்று குறித்து வைக்கும் புள்ளி). ஒலியின் ஏற்ற இறக்கத்தை எண்களாக்கி 'ஆடியோ ஆம்ப்ளிட்யூட்' என்று ஒரு நல் (null) லேயரில், அதாவது திரையில் தெரியாத வெற்று அடுக்கில் வைத்துவிடும். எழுத்தின் ஸ்கேலை (அளவை) அதிலுள்ள 'போத் சேனல்ஸ்' ஸ்லைடரோடு எக்ஸ்ப்ரெஷன் என்ற சிறு கட்டளை வரியால் இணைத்துவிட்டால் செண்டை அடிக்க எழுத்து எழும்பும். கைத்தாளமான இலைத்தாளம் ஓயாமல் ஒலித்து எண்களை மேலேயே பிடித்து வைக்கும். அதனால் முன்கூட்டியே 'ஹை-லோ பாஸ்' எஃபெக்ட் போட்டு உச்ச சுருதி ஒலியை வெட்டிவிடுவது நல்லது.

என் கோபமும் இதே இடத்தில்தான். அந்தக் கட்டளை காம்பில் (எல்லா லேயரும் அடுக்கியிருக்கும் தொகுப்பில்) ஒலிக்கிற எல்லாவற்றையும் சேர்த்தே அளக்கும். எங்கள் சித்தூர் பக்கத்தில் ஒரே விழாவுக்குத் தமிழில் ஒரு வீடியோ, மலையாளத்தில் ஒரு வீடியோ போகும். மேளம் ஒன்று, அறிவிப்பு இரண்டு. குரல் லேயரின் ஸ்பீக்கர் பொத்தானை அணைக்காமல் ஒலியைக் கீஃப்ரேமாக மாற்றினால் அறிவிப்பாளர் மூச்சு விடுவதற்கும் அம்மன் பெயர் குதிக்கும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். கமிட்டிக்காரர் கடைசி நாளில், "மேளம் வேற அனுப்பறேன், மாத்திருங்க" என்பார். ஒலிக் கோப்பை மாற்றினாலும் கீஃப்ரேம் பழைய மேளத்துக்கே ஆடும். மறுபடி கட்டளை கொடுத்தால் புதிதாக இன்னொரு நல் வரும், எக்ஸ்ப்ரெஷன்களோ பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். பழைய ஸ்லைடரின் கீஃப்ரேம்களை அழித்து, புதியதிலிருந்து நகலெடுத்து அதில் ஒட்டுவதுதான் சுருக்கு வழி. இத்தனை வருடத்தில் இது தானாக நடக்கும்படி செய்திருக்க வேண்டாமா?

ஒலியைக் கலக்கும் வேலையை இதில் வைத்துக்கொள்ளவே வேண்டாம். மிக்சர் கிடையாது, எல்லாம் கீஃப்ரேம்தான். 'ஆடியோ லெவல்ஸ்' டெசிபலில் நடப்பதால் கடைசியில் பாட்டை மெல்லத் தேய்க்கப் பார்த்தால் சீக்கிரமே காணாமல் போகும். 'ஸ்டீரியோ மிக்சர்' எஃபெக்டில் இடது, வலது அளவை 100-லிருந்து 0-க்கு இறக்கினால் தேய்வு சீராக இருக்கும். குரல், மேளம், வெடிச்சத்தம் எல்லாவற்றையும் ஆடாசிட்டியில் கலந்து, 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாகக் கொண்டு வாருங்கள். எழுத்தை ஆட வைக்க மேளத்தை மட்டும் தனிக் கோப்பாகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

சந்தா கட்டி ஓட்டும் மென்பொருள் இது. மாதம் ஒரு விழா வீடியோ மட்டும் செய்கிறவர் எடுக்க வேண்டாம் என்பதே என் பதில். நெம்மாறை-வல்லங்கி வேலா திருவிழா நெருங்கும்போது கை நிறைய வேலை வரும். அந்த மாதத்துக்கு மட்டும் எடுத்துப் பாருங்கள், அந்த நட்சத்திர விசைக்காகவாவது.