20 வயசுப் பிள்ளைக்கு வீட்டுல ஆள் வைக்கிறதெண்டா: ஏஜென்சியா, ஊர் ஆளா, வீட்டாக்களேயா?

வயசான அம்மம்மாவப் பாக்க ஆள் தேடுறதும் 20, 22 வயசுப் பிள்ளைக்கு ஆள் தேடுறதும் ஒண்டில்ல, ஆனா மட்டக்களப்புல யாரக் கேட்டாலும் ரெண்டுக்கும் ஒரே பதில்தான், "நல்ல பொறுமையான ஆளாப் பாத்து எடுங்க". பொறுமை வேணும்தான். ஆனா என்ட தம்பிக்கு செரிப்ரல் பால்சி, அதாவது சின்னதுலயே மூளையில வந்த பாதிப்பால உடம்ப அசைக்கிறது கஷ்டம், வீல்செயார்லதான் இருப்பான், கதைக்கிறது மெதுவா வரும், மூளை நல்ல கூர்மை, அவன்ட எல்லா வேலையையும் பொறுமையா தானே செஞ்சு முடிக்கிற ஆள் அவனுக்கு நல்ல ஆள் இல்ல. அவன் ஒரு நாளைக்கு எத்தின விசயத்த தானே முடிவெடுக்கிறான், எத்தினய தன்ட கையால செய்றான், இதத்தான் நான் முதல் பாக்கிறன், மத்ததெல்லாம் பிறகு. மூண்டு வழியும் எங்கட வீட்டுல பாத்தாச்சு, அதாலதான் எழுதுறன்.

இங்கிலாந்துல வீட்டுப் பராமரிப்புக் கொம்பனிகள செக் பண்ண கெயார் குவாலிட்டி கமிஷன் எண்டு இருக்கு. பாதுகாப்பா, பலன் இருக்கா, அன்பா நடத்துறாங்களா, ஆளுக்கு ஏத்த மாதிரி செய்றாங்களா, நிர்வாகம் ஒழுங்கா, இந்த அஞ்சையும் பாத்து நாலு தரத்துல ஒண்டக் குடுப்பாங்க. எங்கட பக்கம் அப்பிடிப் பாத்து மார்க் போட ஆள் இல்ல, அந்த வேலையும் வீட்டாக்கள்ட தலையிலதான்.

ஏஜென்சிக்கு வருவம். கட்டில்ல இருந்து வீல்செயாருக்கு மாத்துற முறை அவங்களுக்குத் தெரியும், பிரேக் போட்டு, கால் தட்ட விலத்தி, தன்ட முழங்கால மடிச்சு, இடுப்புல பிடிச்சுத்தான் தூக்குவாங்க. லீவெண்டா வேற ஆள் அனுப்புவாங்க. ஆனா அந்த வேற ஆள்தான் பிரச்சினையே, தம்பி கதைக்கிறது புதுசா வாற ஆளுக்கு விளங்க நாள் எடுக்கும், விளங்கத் தொடங்கக்குள்ள ஆள மாத்திருவாங்க. எங்களுக்கு வந்த ஒருத்தர் நல்ல மனிசன், துப்புரவு, நேரம் எல்லாம் சரி. காலையில சேட் போடக்குள்ளதான் பாத்தன், தம்பி பட்டன் போட கையக் கொண்டு போறான், இவர் அந்தக் கைய மெல்லமா விலத்திட்டு சரசரண்டு எல்லாத்தையும் பூட்டிட்டார். அவனே போட்டா பத்து நிமிசம் எடுக்கும், ஆனா அந்தப் பத்து நிமிசம்தான் அவனுக்கு எக்ஸசைஸ், அவன்ட மரியாதையும் அதுதான். மறுகா அம்மாவப் பாத்து "தம்பிக்கு டீ வேணுமாம்மா?" எண்டு கேக்கிறார், அவன் முன்னுக்கு இருக்கக்குள்ளயே. யாரிட்ட கேள்வி போகுதெண்டு ஒரு அரை மணித்தியாலம் கவனிச்சாக் காணும், ஆள் சரியா இல்லையா தெரிஞ்சிரும்.

ஊர் ஆள் எண்டா மொழிப் பிரச்சினை இல்ல, பழக்கமும் லேசு. கல்லடி பீச்சுக்கோ மாமாங்கத் திருவிழாவுக்கோ கூட்டிப் போகச் சொன்னா ஏஜென்சி ஆள் முதல்ல ஆபிசுக்கு கோல் எடுப்பார், ஊர்ப் பெடியன் வீல்செயாரத் தள்ளிக்கொண்டு நடக்கத் தொடங்கிருவான். தம்பிட வயசுக்கு வெளிய போறதும் நாலு பேரோட இருக்கிறதும் மருந்து மாதிரித்தான். குறை என்னண்டா ஊர்ல செத்தவீடு, கலியாணம் எண்டா ஆள் நிக்காது, தூக்கவும் தெரியாது, கக்கத்துல கையக் குடுத்து இழுத்துத் தூக்குவாங்க, அது தோள்மூட்டக் கெடுக்கும். இதுக்கு வழி இருக்கு, கிளினிக் நாள்ல அந்த ஆளையும் கூட்டிக்கொண்டு போங்க, பிசியோதெரபிஸ்ட்ட நேராக் காட்டித் தரச் சொல்லிக் கேளுங்க. இன்னொரு குறைக்குத்தான் வழி குறைவு, வீட்டுக் கத அடுத்த வளவுக்குப் போறது. குளிக்க வாக்கிறது, உடுப்பு மாத்துறது, போன்ல யாரோட கதைக்கிறான் எண்டதெல்லாம் வெளிய போனா அந்த வயசுப் பிள்ளை எப்பிடித் தலை நிமிந்து இருக்கிறது? சம்பளம் பேசுற அண்டைக்கே இத வெளிப்படையாச் சொல்லிருங்க, பெரியாக்களுக்கு முன்னால வச்சு.

வீட்டாக்கள் பாக்கிறதுல ஒண்ட அடிக்க ஏலா, உடம்புல மாற்றம் எண்டா அம்மாட கண்ணுக்குத்தான் முதல் தெரியும். இருந்த இருப்புல இருக்கிற ஆக்களுக்கு படுக்கைப்புண் கெட்ட எதிரி, நாரிக்குக் கீழ, குதிக்கால், இடுப்பெலும்பு இதுகள டெய்லி பாக்க வேணும். புத்தகத்துல சிவக்கும் எண்டு கிடக்கும், எங்கட நிறத் தோல்ல சிவப்புத் தெரியாது, சுத்தியுள்ள தோல விட சுடுதா, கட்டியா இருக்கா, நிறம் கறுத்திருக்கா எண்டு கையால தடவிப் பாருங்க. படுக்கையில ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா திருப்ப வேணும் எண்டுதான் பொதுவாச் சொல்லுவாங்க. ஆனா அம்மாட நாரியும் இரும்பில்ல, வளந்த பிள்ளைய ஒவ்வொரு நாளும் தூக்கி அவ படுத்தா ரெண்டு நோயாளி. அதோட 22 வயசுப் பெடியனுக்கு அம்மா தண்ணி வாக்கிறது அவனுக்கு எவ்வளவு கூச்சம், அவன் வாய் திறந்து சொல்ல மாட்டான், முகத்துல தெரியும். பொம்பிளப் பிள்ளையெண்டா இது இன்னும் கவனம், கட்டாயம் பொம்பிள ஆள், அதுலயும் அவக்குப் பிடிச்ச ஆள்.

காசுதான் எல்லாரையும் நிப்பாட்டுது. மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவ 2025ல மாசம் 10,000 ரூபாவாக் கூட்டினாங்க, நல்லதுதான், கிடைக்காதாக்கள் பிரதேச செயலகத்துல சமூக சேவை உத்தியோகத்தரப் போய்ச் சந்தியுங்க, ஆனா அந்தக் காசுக்கு முழுநேர ஆள் வராது. கெயார்கிவர் கோர்ஸ் முடிச்ச நம்மட பிள்ளைகளும் சேர்டிபிகேட் கைக்கு வந்த உடன இஸ்ரேல், சைப்ரஸ் எண்டு போகப் பாக்கிறாங்க, அவங்களப் பிழை சொல்ல ஏலா.

என்னக் கேட்டா, ஆப்பரேசன் முடிஞ்ச கையோட, இல்லாட்டி கதீற்றர் எண்டுற சிறுநீர்க் குழாய், சாப்பாடு குடுக்கிற மூக்குக் குழாய் எண்டு இருந்தா ஏஜென்சிதான், அதுவும் பழகின ஆள எழுதிக் கேட்டு எடுக்க வேணும். உடம்பு ஒரு நிலைக்கு வந்த பிள்ளைக்கு ஊர் ஆள் பாதி நாள், வீட்டாக்கள் மிச்சம், கண்ண மூடிக்கொண்டு இததான் சொல்லுவன். வலிப்பு வாற பிள்ளையெண்டா அஞ்சு நிமிசம் தாண்டினா 1990 அம்புலன்சுக்கு அடிக்க வேணும், வாய்க்குள்ள கரண்டி, சாவி ஒண்டும் வைக்கப்படாது எண்டு வாற ஆளுக்கு முதல் நாளே சொல்லிக் குடுங்க. ஆள வேலைக்கு எடுக்க முதல் ஒரு கிழமை பாத்திட்டு, வீட்டாக்கள் ஒருத்தரும் பக்கத்துல இல்லாத நேரம் பிள்ளையிட்டத் தனியக் கேளுங்க, "இவர் நிக்கட்டா, போகட்டா?" அவன் வேணாமெண்டா வேணாம், காரணம் சொல்லாட்டியும் பரவாயில்ல.