சாலைக்கும் டிராக்குக்கும் ஒரே கார்: எதை மாற்றலாம், எதைத் தொடாமல் விடலாம்

டிராக் டே என்றால் சொந்தக் காரைப் பந்தயப் பாதையில் போட்டியில்லாமல் ஓட்டிப் பார்க்கும் நாள். அதற்குப் போகும் காருக்கு ஒரு கஷ்டமான நிபந்தனை உண்டு. காலையில் நெடுஞ்சாலையில் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். இருபது இருபது நிமிடமாக நாலைந்து முறை டிராக்கில் விரட்ட வேண்டும். சாயங்காலம் அதே காரில் வீடு திரும்ப வேண்டும், மறுநாள் மழை பெய்தாலும் அதிலேயே வேலைக்குப் போக வேண்டும். பந்தயக் கார் வைத்திருப்பவர் லாரியில் ஏற்றிக்கொண்டு போய் லாரியில் திருப்பிக் கொண்டுவருவார். நமக்கு அந்த வசதி இல்லை. அதனால் எந்த பாகத்தை வாங்கும்போதும் நான் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி இதுதான்: இதை முந்தின நாள் ராத்திரி மாட்டி, திரும்பி வந்ததும் கழற்ற முடியுமா, இல்லை வருஷம் முழுக்க இதோடு குடித்தனம் நடத்த வேண்டுமா?

மஸ்தா எம்எக்ஸ்-5, டொயோட்டா ஜிடி86, ஹோண்டா எஸ்2000 மாதிரி எடை குறைந்த கார்களை மனதில் வைத்து எழுதுகிறேன். உங்களுடையது இதைவிடக் கனமானது, சக்தி அதிகம் என்றால் கீழே சொல்லும் சூட்டுப் பிரச்சினைகள் இன்னும் சீக்கிரம் தலைகாட்டும்.

பிரேக்: பேடும் ஆயிலும் போதுமா, பெரிய செட் வேண்டுமா

என் முதல் டிராக் நாள், இரண்டாவது செஷன். ஐந்தாவது லேப்பில் நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் பிரேக்கை மிதித்தேன். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்த் தரையைத் தொட்டது. விட்டு விட்டுக் குத்தி மிதித்த பிறகுதான் கொஞ்சம் அழுத்தம் ஏறியது. அதற்குள் வளைவைத் தாண்டி, ஓரத்து ஜல்லியில் போய் நின்றது கார். டிராக் ஓரத்தில் கார்கள் நிற்கும் பிட்டுக்குக் கொண்டுவந்து, சூடு ஆறும்வரை காத்திருந்தேன். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை பேட் என்ற உரசு கட்டைகளால் கவ்வுவது காலிப்பர். அதில் ஆயிலை வெளியேற்றும் பிளீடர் நிப்பிளில் உள்ளே தெரியும் டியூபை மாட்டித் திறந்தேன். கறுத்துப்போன ஆயில் வந்தது, நடுநடுவே கடுகளவு குமிழிகள். அந்த ஆயில் மூன்று வருஷமாக மாற்றப்படாதது. பேடிலும் டிஸ்க்கிலும் ஒரு குறையும் இல்லை.

ஒரு சின்னக் கணக்கு போட்டால் காரணம் புரியும். ஓட்டுபவரோடு சேர்த்து 1,300 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 200 கிலோமீட்டரிலிருந்து 80க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மிதியில் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல், ஊருக்குள் 60இல் வந்து சிக்னலில் நிற்பதைப்போல ஒன்பது மடங்குக்கும் மேல். அதில் முக்கால் பங்கை ஒட்டி முன் சக்கரங்களுக்குப் போகும். முன் டிஸ்க் ஒன்று 8 கிலோ இருந்தால், ஒரே மிதியில் அதன் சூடு ஏறக்குறைய 150 டிகிரி கூடும். அடுத்த வளைவு வருவதற்குள் அது முழுக்க ஆறாது. லேப்புக்கு லேப் சூடு சேர்ந்துகொண்டே போகும்.

இதில் பிரேக் கைவிடும் விதம் இரண்டு, இரண்டுக்கும் மருந்து வேறு. பெடல் கல் மாதிரி இருக்கிறது, ஆனாலும் கார் நிற்கவில்லை என்றால் பேட் தன் சூட்டு எல்லையைத் தாண்டிவிட்டது. பெடலே கீழே போகிறது என்றால் ஆயில் கொதித்து ஆவி கோத்துக்கொண்டது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல இழுத்துக்கொள்ளும். டாட் 4 என்ற பிரேக் ஆயில் தரத்தில் புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155தான். டாட் 5.1இல் அது 260, 180. பந்தயத்துக்கென்றே வரும் ஆயில்கள் புதிதில் 300ஐத் தாண்டும், ஆனால் அடிக்கடி மாற்ற வேண்டும். டாட் 5 என்பது வேறு ஜாதி, சிலிக்கான் ஆயில். 5.1 என்று நினைத்து அதை ஊற்றிவிடாதீர்கள், மற்றவற்றோடு கலக்கவே கூடாது.

எதிர்த்தரப்பில் ஆறு பிஸ்டன் காலிப்பரும் பெரிய டிஸ்க்கும் கொண்ட செட் நிற்கிறது. அதன் உண்மையான பலம் சூட்டைத் தாங்கும் கொள்ளளவு. ஒருமுறை மிதித்து நிற்கும் தூரத்தை அது பெரிதாகக் குறைக்காது, அந்த எல்லையைப் போடுவது டயர். பதிலுக்கு ஸ்பிரிங்குக்குக் கீழே எடை கூடும், பழைய சக்கரம் உள்ளே நுழையாமல் போகலாம். முன்பக்கம் மட்டும் மாற்றினால் முன்னுக்கும் பின்னுக்கும் கம்பெனி வைத்த பிரேக் சமநிலையும் குலையும். எடை குறைந்த காருக்கு என் ஓட்டு சந்தேகமில்லாமல் பேடுக்கும் ஆயிலுக்கும்தான். அதுவே 1,600 கிலோ டர்போ கார், நல்ல பேட் போட்டும் சூடு அடங்கவில்லை என்றால் பெரிய செட்டுக்கு நியாயம் உண்டு.

பேடில்தான் சாலையும் டிராக்கும் நேருக்கு நேர் முட்டிக்கொள்கின்றன. முழு டிராக் பேட் 500 டிகிரியிலும் கடிக்கும், குளிர்ந்திருக்கும்போது தயங்கும். மழை நாளில் நெடுஞ்சாலையில் முன்னால் போகிற வண்டி திடீரென்று நிற்கும் அந்த முதல் மிதி எனக்கு முக்கியம், அதனால் சாலையில் டிராக் பேட் ஓட்டுவதில்லை. இரண்டுக்கும் பொது என்று விற்கும் நடுத்தரப் பேட் ஆரம்பகால ஓட்டுநருக்குப் போதும். வேகம் கூடிய பிறகு, டிராக் நாளுக்கென்று தனி பேடும் அதற்கென்றே தனி டிஸ்க்கும் வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். பேட் தன் மெல்லிய படலத்தை டிஸ்க்கில் பூசித்தான் வேலை செய்கிறது. ஒரே டிஸ்க்கில் இரண்டு வகைப் பேடை மாற்றி மாற்றி ஓட்டினால் படலம் திட்டுத்திட்டாகி, பெடல் அதிர ஆரம்பிக்கும்.

செஷன் முடிந்து பிட்டுக்கு வந்ததும் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள். கியரில் விட்டுச் சக்கரத்துக்கு அடை வையுங்கள். கொதிக்கும் டிஸ்க்கை பேட் ஒரே இடத்தில் கவ்வி நின்றால் அங்கே தடம் விழுந்துவிடும்.

டயர்: மூன்று வகை, இரண்டு செட்

2012இல் வந்த ஜிடி86க்கு டொயோட்டா கொடுத்தது 215/45 ஆர்17 அளவில் மிச்செலின் பிரைமஸி. பந்தயச் சாயலே இல்லாத, சாதாரணக் காருக்கான டயர். பிடிமானம் குறைவாக இருந்தால் கார் சின்ன வேகத்திலேயே மெல்ல வழுக்கி, ஓட்டுநருக்குப் பேச்சுக் கொடுக்கும் என்பதுதான் எண்ணம். டிராக்கில் புதிதாக இறங்குபவருக்கு இதில் பெரிய பாடம் இருக்கிறது. சாதாரண டயர் எல்லைக்கு முன்பே கீச்சிட்டு எச்சரிக்கும். பைலட் ஸ்போர்ட் 4எஸ் மாதிரி நல்ல கோடை டயர் அதைவிட நிறையப் பிடித்தாலும், எல்லையை ஓரளவு சொல்லிவிட்டுத்தான் தாண்டும். பைலட் ஸ்போர்ட் கப் 2, டோயோ ஆர்888ஆர் போன்ற செமி ஸ்லிக் வகை (பள்ளக் கோடுகள் குறைந்த, பந்தய டயரை ஒட்டியது) கடைசிவரை பிடித்து வைத்திருந்து, விடும்போது சட்டென்று விடும். தப்பான கோட்டில் வளைவுக்குள் போனாலும் இழுத்துக் காப்பாற்றிவிடுவதால் தப்பு என்றே தெரியாமல் பழகிவிடுவோம். முதல் வருஷம் நல்ல கோடை டயரோடு நிற்கச் சொல்வேன்.

டயரின் பக்கச் சுவரில் இருக்கும் தேய்மான எண்ணை (எண் கூடினால் மெதுவாகத் தேயும்) வைத்து, 200 என்றால் எல்லாம் ஒன்று என்று நினைக்க வேண்டாம். அந்த எண்ணைத் தருவது அந்தந்த கம்பெனியேதான். ஒரே 200இல் மழையில் சமாளிப்பதும் உண்டு, இரண்டு டிராக் நாளில் டயரின் ஓரத் தோள்பட்டை உருண்டுபோவதும் உண்டு.

செமி ஸ்லிக்கை சாலையில் ஓட்டுவதற்கு நான் எதிரி. டயரில் பள்ளக் கோடுகள் குறைவு என்பதால் தேங்கிய தண்ணீரில் சீக்கிரம் மிதக்கும், குளிரில் பிடிக்காது. அதைத் தனிச் சக்கரங்களில் மாட்டி வைத்துக்கொள்வதுதான் வழி, நான்கு சக்கரம் மாற்ற அரை மணி நேரம் போதும். இந்த மொத்த அலசலில் கொடுத்த காசுக்கு அதிகம் திருப்பித் தரும் மாற்றம் இந்த இரண்டாவது செட்தான்.

காற்றழுத்தத்தை எல்லோரும் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். 25 டிகிரியில் 28 பிஎஸ்ஐ வைத்தால், டயருக்குள் காற்று 80 டிகிரி ஆகும்போது அது 36 ஆகிவிடும். சாலைக்கு வைக்கும் 34, 36இலேயே டிராக்கில் இறங்கினால் நாலாவது லேப்பில் டயர் உப்பி, நடுப்பகுதி மட்டும் தரையில் படும். பிட்டில் நின்ற அடுத்த நிமிடமே சூட்டோடு அளந்து இறக்குங்கள். அப்படி இறக்கிய டயர் சாயங்காலம் ஆறியதும் அழுத்தம் மிகவும் குறைந்திருக்கும். காற்றை ஏற்றாமல் நெடுஞ்சாலையில் கால் வைக்கக் கூடாது.

சஸ்பென்ஷன்: மலிவான காயில்ஓவரைவிட நல்ல அலைன்மென்ட்

இங்கே போட்டி மூவருக்குள்: காரைத் தாழ இறக்கும் ஸ்பிரிங், காயில்ஓவர் (உயரத்தை மாற்றக்கூடிய, ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த செட்), பழைய சஸ்பென்ஷனோடு அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்வது) மட்டும். இறக்கும் ஸ்பிரிங்கைக் கம்பெனி ஷாக் அப்சார்பரோடு மாட்டுவது கடைசி இடம். ஷாக்கின் பயணத் தூரம் குறைந்து, வளைவின் நடுவில் ஒரு மேட்டில் ஏறும்போது ரப்பர் தடுப்பில் போய் இடிக்கும். அந்த நொடியில் ஸ்பிரிங் விறைப்பு பல மடங்கு ஆனது போலாகி, அந்தச் சக்கரம் பிடியை விட்டுவிடும். ஓட்டுபவருக்கு ஏன் வழுக்கியது என்றே புரியாது.

கார் தாழத் தாழ நன்றாக வளையும் என்ற நம்பிக்கையும் பாதிதான் உண்மை. மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஷாக்கே சக்கரத்தை மேலிருந்து பிடிக்கும் அமைப்பு) உள்ள காரை மிகவும் இறக்கினால் கீழ்க் கை மேல்நோக்கிச் சாய்ந்து, ரோல் சென்டர் (வளைவில் கார் எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி) காரின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே போகும். பார்வைக்குத் தாழ்ந்த கார் வளைவில் முன்னைவிட அதிகம் சாயப் பார்க்கும். பள்ளம் மேட்டில் ஸ்டீயரிங்கும் தானாகத் திரும்பும். 20, 25 மில்லிமீட்டருக்கு மேல் எனக்கு ஆசை இல்லை.

காயில்ஓவர் நல்லதாக இருந்தால் அருமையான பொருள். நல்லது என்பதற்கு அடையாளம் முப்பது கிளிக் திருகுவது கிடையாது, உள்ளே இருக்கும் வால்வு ஸ்பிரிங்குக்குப் பொருத்தமாக இருப்பது. மலிவான செட்டில் பல கிளிக்குகளுக்கு நடுவே வித்தியாசமே இருக்காது. கையில் காசு குறைவு என்றால் கம்பெனி ஷாக்கோடு இருந்து, முன்பக்கம் நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்வது) கூட்டுங்கள். ஸ்ட்ரட் காருக்கு டிராக்கில் 2.5 முதல் 3 டிகிரிவரை வேண்டியிருக்கும். சாலைக்கு ஒன்றரை போதும். மேலே கேம்பர் பிளேட் இருந்தால் இரண்டுக்கும் கோடு போட்டுவைத்து பிட்டிலேயே நகர்த்தலாம், ஆனால் கேம்பரை நகர்த்தினால் டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) நகரும், அதையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். உள்பக்க டயரைத் தின்பது பெரும்பாலும் கேம்பரைவிட இந்த டோதான்.

சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் புஷ்ஷில் ரப்பருக்கும் பாலியூரித்தேனுக்கும் போட்டி வந்தால், தினமும் ஓட்டும் காரில் புது ரப்பர் போட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இன்ஜின்: சக்தியா, குளிர்ச்சியா

டர்போ காரில் ரீமேப் செய்தால், அதாவது இன்ஜினை இயக்கும் கணினியான இசியுவின் அமைப்பை மாற்றினால், முறுக்கு விசை நிறையக் கூடும். டர்போ இல்லாத இன்ஜினில் ஏர் ஃபில்டரும் எக்ஸாஸ்ட்டும் சேர்ந்து தருவது சத்தம் அதிகம், சக்தி சொற்பம். கலிபோர்னியாவின் லகுனா செகா மாதிரி சத்தக் கட்டுப்பாடு கடுமையான டிராக்கில் எக்ஸாஸ்ட்டுக்காகவே கொடி காட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ரீமேப்பின் சிக்கல் வேறு இடத்தில். முதல் இரண்டு லேப் பறக்கும். பிறகு டர்போ அழுத்தும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் சூடேறி, இசியு தானே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். நேர்ப்பாதை வேகம் கூடினால் பிரேக் சுமையும் வேகத்தின் வர்க்கமாக ஏறும். அதனால் அதே காசை ஆயில் கூலருக்கும் தடுப்புத் தகடு வைத்த ஆயில் சம்புக்கும் (இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) கொடுப்பேன். பிடிமானம் அதிகமுள்ள டயரில் நீண்ட வளைவில் போகும்போது ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சும். பேரிங் தேய இரண்டு நொடி போதும். கூலர் வாங்கினால் தெர்மோஸ்டாட் உள்ளதையே வாங்குங்கள். இல்லாவிட்டால் சாலையில் ஆயில் சூடே ஏறாமல் அதில் சேரும் ஈரம் ஆவியாகாது.

சீட், பெல்ட், கேஜ்: இங்கே பாதி மாற்றம் கிடையாது

இதில் மட்டும் நான் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன். கம்பெனி சீட்டில் நாலு முனை ஹார்னஸ் (இரு தோளையும் இடுப்பையும் கட்டும் பந்தயப் பெல்ட்) மட்டும் மாட்டி ஓட்டுபவர்களைப் பார்க்கிறேன். விபத்தில் இடுப்புப் பட்டை வயிற்றுக்கு ஏறி, உடல் அடியில் நழுவும். கார் புரண்டு கூரை அமுங்கினால், சாதாரண மூன்று முனை பெல்ட்டில் உடல் ஓரமாகச் சாய இடமிருக்கும். ஹார்னஸ் நிமிர்த்தியே கட்டி வைத்திருக்கும். தோள்கள் கட்டப்பட்டிருக்க, தலை மட்டும் முன்னால் பாயும். ஹெல்மெட்டைப் பிடித்து அதைத் தடுக்கும் ஹான்ஸ் கருவியை ஃபார்முலா 1 பந்தயத்தில் 2003இல் கட்டாயமாக்கினார்கள். ஹார்னஸ் வேண்டுமென்றால் அதற்கேற்ற சீட், பின்னால் ரோல் பார் (கார் புரண்டால் தாங்கும் குழாய் வளைவு), ஹான்ஸ் எல்லாம் சேர்ந்தே வர வேண்டும்.

முழு கேஜ், அதாவது உள்ளே சுற்றிலும் பொருத்தும் இரும்புக் குழாய்க் கூண்டு, மறுபக்கத்துத் தவறு. டிராக்கில் ஹெல்மெட் போட்ட தலைக்கு அது காவல். சாலையில் ஹெல்மெட் இல்லாத தலைக்குப் பக்கத்தில் இரும்புக் குழாய். போர்ஷே தன் 911 ஜிடி3க்குக் கொடுக்கும் கிளப்ஸ்போர்ட் தொகுப்பில் கேஜ் சீட்டுக்குப் பின்னால் மட்டும்தான் நிற்கிறது.

சாலைக்கு நான் சொல்வது கம்பெனி சீட், கம்பெனி பெல்ட், கம்பெனி ஏர்பேக். மேலே கூரையில்லாத எம்எக்ஸ்-5 என்றால் பின்னால் ஒரு நல்ல ரோல் பார். டிராக்கில் கார் பந்தயத்துக்கான எஸ்ஏ தர ஹெல்மெட், தீயைத் தாங்கும் உள்துணி அதில்தான் உண்டு.

முழு கேஜும் ஸ்லிக் டயரும் இல்லாமல் இனி வேகம் கூடாது என்ற கட்டம் வரும்போது, இந்த ஒரே காரில் மேற்கொண்டு எதையும் மாட்டாதீர்கள். கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றிப் பழையபடி சாலைக்காராக ஆக்கி, டிராக்குக்கென்று பழைய கார் ஒன்றையும் ஒரு டிரெய்லரையும் தேடுங்கள்.