அண்ணனின் ஏர் பெட்: ஆறேழு வருஷ அனுபவம்

முதுகுத்தண்டில் அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்குக் கூட்டிவரும் அன்றே யாராவது சொல்லிவிடுவார்கள், "ஒரு ஏர் பெட் வாங்கிப் போட்டுருங்க" என்று. படுக்கைப்புண் வராமல் இருக்க, மோட்டாரால் காற்று ஏறி இறங்கும் மெத்தை அது. எதை வாங்குவது, வாங்கினதை எப்படிப் போடுவது என்று சொல்லத்தான் ஆள் இருக்காது. திசையன்விளைப் பக்கம் பனையேறிகள் வீடுகளில் இது அடிக்கடி வரும் கேள்வி. பதநீர் சீசனில் மரத்தில் இருந்து விழுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். என் அண்ணனும் அப்படி விழுந்தவர். ரிப்போர்ட்டில் டி10 என்று இருக்கும், அதாவது தண்டுவடத்தின் நெஞ்சுப் பகுதியில் பத்தாவது மட்டம். தொப்புளுக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. மதினியும் நானும்தான் பார்த்துக்கொள்கிறோம். ஆறேழு வருஷத்தில் கண்டதை இங்கே எழுதுகிறேன், புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு உதவட்டும்.

எந்த மெத்தை வாங்கினாலும் ஆளைப் புரட்டிப் படுக்க வைக்காமல் முடியாது. நமக்கு ஒரு பக்கம் அழுந்தினால் தூக்கத்திலேயே புரண்டுவிடுகிறோம். அண்ணனுக்கு அந்த வலி மூளைக்குப் போய்ச் சேர்வதில்லை. எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவில் சதை நசுங்கி, ரத்த ஓட்டம் நின்று, சில மணி நேரத்திலேயே உள்ளே கெட ஆரம்பித்துவிடும். வெளியே தோலில் தெரியும்போது உள்ளே நிறைய நடந்திருக்கும். அதனால்தான் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டச் சொல்கிறார்கள். நல்ல மெத்தை இருந்தால், தோலைப் பார்த்துப் பார்த்து, இரவில் அந்த இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டலாம். பார்த்துக்கொள்கிறவருக்கு ஒரு தூக்கம் கிடைக்கும். நாம் காசு கொடுத்து வாங்குவது அந்த நேரத்தைத்தான். நம் வீட்டில், நம் கரண்டில், இந்த மெத்தை எவ்வளவு நேரத்தை நம்பிக்கையாகத் தரும் என்பதை வைத்துத்தான் நான் எதையும் எடைபோடுவேன்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிப் பக்கத்து சர்ஜிக்கல்ஸ் கடைகளில் ஏர் பெட் என்று கேட்டால் முதலில் எடுத்துக் காட்டுவது பபிள் வகை. கொப்புளம் கொப்புளமாக இருக்கும், விலை குறைவு. சின்ன மோட்டார் ஒன்று சில நிமிஷத்துக்கு ஒருமுறை காற்றை ஒரு வரிசையில் ஏற்றி அடுத்த வரிசையில் இறக்கும். மெலிந்த ஆளுக்கு, சில வாரம் படுக்கையில் இருக்கப் போகிறவருக்கு இது போதும். அண்ணனுக்கு ஆகவில்லை. படுத்தால் தாங்கியது; தலைப்பக்கம் உயர்த்திச் சாய்ந்து உட்கார்ந்தால் மொத்த எடையும் இடுப்புக்கு வந்து, கொப்புளங்கள் தரையோடு தரையாக அமுங்கிவிட்டன. அடுத்த வெயில் காலத்திலேயே ஒட்டு விட ஆரம்பித்தது.

அப்புறம் மாறியது டியூபுலர் வகைக்கு. குறுக்காகப் பெரிய பெரிய காற்றுக் குழாய்கள், ஒவ்வொன்றும் தனியாகக் கழற்றி மாற்றக்கூடியது. பபிளைப் போல இரண்டு மூன்று மடங்கு விலை. ஆனால் ஒரு குழாய் ஓட்டையானால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், முழு மெத்தையையும் தூக்கிப் போட வேண்டாம். வாங்கும்போதே தனிக் குழாய் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காது என்று கடை அண்ணாச்சி சொன்னால் அந்தக் கம்பெனியை விட்டுவிடுங்கள். எவ்வளவு கிலோ வரை தாங்கும் என்று அட்டையில் போட்டிருக்கும், அதையும் பார்க்க வேண்டும்.

காற்று சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு, இதை எல்லாரும் கற்றுக்கொள்ள வேண்டும். ஆள் படுத்திருக்கும்போது, ஏர் பெட்டுக்கு அடியில், இடுப்பெலும்புக்கு நேர் கீழே உள்ளங்கை மேலே பார்க்கும்படி கையை நுழையுங்கள். உடம்புக்கும் கைக்கும் நடுவில் ஒரு அங்குலமாவது காற்று இருக்க வேண்டும். எலும்பு கையில் தட்டினால் அந்த மெத்தை இருந்தும் இல்லாத மாதிரிதான். தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்தும் இதே சோதனையைச் செய்யுங்கள். மோட்டாரில் உள்ள திருகை முழுசாகத் திருப்பி வைத்தால் நல்லது என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். மெத்தை கல்லாக இறுகிவிட்டால் அழுத்தம் குறையாது. எடைக்கு ஏற்ற இடத்தில் வைத்து, கையை விட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

தேர்வு செய்யும்போது கடையில் யாரும் பேசாத விஷயம் கரண்ட். மோட்டார் இழுப்பது சில வாட்தான், சாதாரண வீட்டு இன்வெர்ட்டரே இரவெல்லாம் ஓட்டும். மோட்டாருக்கு 230 வோல்ட் ஏசி வேண்டும் என்பதால் வைஃபை ரவுட்டருக்கு வைக்கிற சின்ன பேட்டரிப் பெட்டி ஆகாது. இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில், கரண்ட் போனவுடன் மோட்டாரில் இருந்து மெத்தைக்குப் போகும் இரண்டு டியூபையும் மடக்கி கிளிப் போட்டால் காற்று கொஞ்ச நேரம் நிற்கும். எப்படி இருந்தாலும் ஏர் பெட்டை வெறும் பலகையில் விரிக்கவே கூடாது. அடியில் நல்ல ஃபோம் மெத்தை ஒன்று கட்டாயம். நடுராத்திரி காற்று இறங்கினால் அண்ணனுக்குத் தெரியாது, ஃபோம் இல்லையென்றால் எலும்பு பலகையில்தான் அழுந்தும்.

எங்கள் பக்கத்துக்கே உரிய தொல்லை தேரி மண். ஆனி ஆடியில் காற்று அடிக்க ஆரம்பித்தால் செம்மண் தூசி வீடெல்லாம் படியும். மோட்டாரின் அடியில் காற்றை இழுக்கும் இடத்தில் சின்ன பஞ்சு வடிகட்டி இருக்கும். அது அடைத்துக்கொண்டால் காற்று ஏறாது, மோட்டார் சூடாகும். அந்த மாதங்களில் மதினி வாரம் தவறாமல் அதைத் தட்டித் துடைத்துவிடுவார். எலி வேறு. டியூபைக் கடிப்பதை விடப் பெரிய பயம், உணர்ச்சி இல்லாத காலைக் கடித்தாலும் தெரியாது என்பது. கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகி வைக்கிறோம்.

மேலே என்ன விரிப்பது என்பதும் முக்கியம். உறவினர் ஒருவர், சூடு தணியும் என்று, நல்ல மனதோடு பத்தமடைப் பாய் வாங்கி வந்து கொடுத்தார். பத்தமடைப் பாய் எனக்கும் பிடிக்கும். அதன் நேர்த்திக்கு ஈடு கிடையாது. ஆனாலும் ஏர் பெட் மேல் அதைப் போடக் கூடாது. ரப்பர் ஷீட், போர்வை, பாய் என்று அடுக்கினால் குழாய்கள் ஏறி இறங்குவது உடம்புக்குப் போய்ச் சேராது. விரிப்பை நாலு பக்கமும் இழுத்து இறுக்கிச் செருகினாலும் அதே கதைதான். பழைய பருத்தி வேட்டி ஒன்று, தளர்வாக, சுருக்கம் இல்லாமல். அவ்வளவு போதும். ஊக்கு எதுவும் கிட்டே வரக் கூடாது.

தினமும் காலையும் ராத்திரியும் தோலைப் பார்க்கிறோம். "சிவந்திருக்கிறதா பாருங்கள்" என்றுதான் எல்லா இடத்திலும் சொல்கிறார்கள். நம் நிறத்தில் சிவப்பு சரியாகத் தெரியாது. புண் ஆரம்பிக்கும் இடம், புறங்கையை வைத்துப் பார்த்தால் சுற்றி இருக்கும் இடத்தை விடச் சூடாக இருக்கும், அல்லது தொட்டால் கெட்டியாக இருக்கும், இல்லையென்றால் அந்த இடம் மட்டும் கறுத்திருக்கும். அப்படி இருந்தால், அது சரியாகும் வரை அந்தப் பக்கம் படுக்க விடக் கூடாது.

ஃபோம் போதுமா என்று கேட்கிறவர்கள் உண்டு. இங்கிலாந்தில் 2,000-க்கும் அதிகமான நோயாளிகளை வைத்துச் செய்து 2019-ல் வெளிவந்த ஆய்வில், மாறி மாறிக் காற்றேறும் மெத்தைக்கும் தரமான ஃபோமுக்கும் கடைசியில் உறுதியாகச் சொல்லும்படி பெரிய வித்தியாசம் வரவில்லை. அங்கே அவர்களைப் பார்த்துக்கொள்ள நர்சுகள் இருந்தார்கள், அதையும் நினைவில் வைக்க வேண்டும். ஃபோமுக்குக் கரண்ட் வேண்டாம், எலி கடித்தாலும் காற்று இறங்காது. தானே புரளத் தெரிந்தவருக்கு, கைபலம் உள்ளவருக்கு, நல்ல ஃபோமே வசதி. மெத்தையில் இருந்து வீல்சேருக்கு மாறுவதும் சுலபம். காற்று மெத்தையின் ஓரம் அமுங்கி அண்ணனுக்கு ஊன்ற இடம் கிடைக்காது. மாறும் நேரத்தில் மட்டும் ஏறி இறங்காமல் நிறுத்திவைக்கும் பட்டன் உள்ள மோட்டாரை அதற்காகவே வாங்கினோம்.

எங்களுக்கு மெத்தையை விடப் பெரிய விடுதலை தந்தது கவிழ்ந்து படுப்பது. நெஞ்சு, தொடை, கீழ்க்கால் ஆகியவற்றுக்கு அடியில் தலையணைகள் வைத்து, இடுப்பெலும்பும் முழங்காலும் எங்கேயும் படாமல், கால் விரல்கள் மெத்தைக்கு வெளியே தொங்கும்படி படுக்க வேண்டும். முதலில் அரை மணி நேரம், தோலைப் பார்த்து, பிறகு கூட்டிக்கொண்டே போக வேண்டும். இப்போது அண்ணன் ராத்திரியின் பெரும்பகுதியை அப்படித்தான் தூங்குகிறார். கழுத்தில் அடிபட்டு மூச்சுச் சிரமம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் செய்யக் கூடாது.

இதையெல்லாம் நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ள நம் பக்கத்தில் தென்காசி அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. தாமே கழுத்துத் தண்டுவடம் பாதிக்கப்பட்ட ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கியது. முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்கு மறுவாழ்வுப் பயிற்சி தருகிறார்கள். மெத்தைக்குக் காசு கொடுக்கும் முன் அது மாதிரி ஒரு இடத்துக்கு ஆளைக் கூட்டிப் போய்க் காட்டிவிடுங்கள். வீல்சேருக்கான குஷனையும் அப்போதே கேட்டுவிடுங்கள், பகல் முழுக்க உட்காருவது அதன் மேல்தான்.