‘வோக்ஸ் பலேனே’: ஒரு ஜியாலஜி வாத்தியார் கேட்டது

ஜார்ஜ் கிரம்ப் என்ற அமெரிக்க இசையமைப்பாளர் 1971-ல் எழுதிய ‘வோக்ஸ் பலேனே’, அதாவது திமிங்கிலத்தின் குரல், மூன்றே பேர் வாசிக்கும் இசை. புல்லாங்குழல், செல்லோ (வயலின் குடும்பத்துப் பெரிய கருவி), பியானோ. மூன்றின் ஒலியையும் மின்சாரத்தில் பெருக்கிக் கொடுப்பார்கள். வாசிப்பவர்கள் கறுப்பு அரைமுகமூடி போட வேண்டும், மேடையில் நீல வெளிச்சம் இருக்கலாம் என்றெல்லாம் கிரம்ப்பே எழுதி வைத்திருக்கிறார். சுமார் 20 நிமிடம்.

நான் சேலத்தில் ஜியாலஜி சொல்லிக்கொடுக்கிறவன். மேற்கத்திய இசை எனக்குத் தூரத்துச் சொந்தம்தான். ஆனால் இதன் நடுவே, ஒரே மெட்டை மாற்றி மாற்றி வாசிக்கும் ஐந்து மாறுபாடுகள் வருகின்றன. அவற்றின் பெயர்கள் ஆர்க்கியோசோயிக், புரோட்டிரோசோயிக், பேலியோசோயிக், மீசோசோயிக், சீனோசோயிக். பூமியின் வரலாற்றுக் காலகட்டங்கள், மிகப் பழையதிலிருந்து இன்றுவரை. என் பாடத்திட்டத்தை ஒருவர் கச்சேரியாகப் போட்டிருக்கிறார் என்றால் விடுவேனா?

தொடக்கம் அபாரம். குழல் வாசிப்பவர் ஊதிக்கொண்டே அதற்குள் பாடவும் செய்கிறார். மனிதக் குரலும் காற்றும் ஒன்றையொன்று உரசி, எந்தப் பிராணியுடையது என்று சொல்ல முடியாத மூன்றாவது குரல் ஒன்று பிறக்கிறது. கூன்முதுகுத் திமிங்கிலங்களின் ஒலிப்பதிவை 1969-ல் கேட்டதுதான் கிரம்ப்புக்கு இந்த யோசனையைக் கொடுத்தது. அதைக் காப்பியடிக்காமல், நம் தொண்டையிலிருந்தே எடுத்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் ஜெர்மன் இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் ‘சரதுஸ்த்ரா’ என்ற இசையின் தொடக்கத்தைக் கிண்டலடிக்கிற ஒரு முழக்கமும் உண்டு.

பியானோக்காரருக்குக் கட்டைகளை அழுத்துவது மட்டும் வேலை இல்லை. பெட்டிக்குள் கை விட்டுக் கம்பிகளை மீட்ட வேண்டும். பேப்பர் கிளிப், கண்ணாடிக் குச்சி, உளி எல்லாம் உள்ளே போகும். நமக்கு இது ஒன்றும் அதிர்ச்சி இல்லை. தம்புராவின் கம்பிக்கும் அதைத் தாங்கும் குதிரைக்கும் நடுவே நூலை நகர்த்தி ரீங்காரம் வரவழைக்கிறோமே, அந்தச் சங்கதிதான். செல்லோவின் கம்பிகளையும் வழக்கமான சுருதியிலிருந்து மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். முதல் மாறுபாட்டில் அது கடற்பறவை மாதிரி கீச்சிடும். ஆர்க்கியோசோயிக்கில் ஏது பறவை என்று என் மாணவன் எவனாவது கேட்டால் அவனுக்கு முழு மதிப்பெண்.

என் குறையும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. நம் சேர்வராயன் மலையின் சார்னோகைட் பாறைகள் பூமியின் ஆழத்தில் வெந்து இறுகியது சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன். கிரம்ப்பின் கணக்கில் பார்த்தால், முதல் மாறுபாடு முடிந்து இரண்டாவது தொடங்குகிற இடம். அதற்கப்புறம் புரோட்டிரோசோயிக் மட்டுமே ஏறக்குறைய 200 கோடி ஆண்டு ஓடுகிறது. சீனோசோயிக் வெறும் 6.6 கோடி. இங்கேயோ ஒவ்வொன்றும் சின்னச் சின்னத் துண்டு. புரோட்டிரோசோயிக் நகரவே கூடாது, நாம் சலித்துப்போக வேண்டும்! மீசோசோயிக்கின் ஆர்ப்பாட்டம் எனக்குக் கொஞ்சம் சினிமாத்தனமாகவும் பட்டது.

கடைசிப் பகுதியான ‘கடல் இரவிசை’ வந்ததும் கோபம் போய்விட்டது. சின்ன வெண்கலத் தாளங்களின் மணியொலி, மெதுவாக விரியும் மெட்டு. முடிவில் பத்து ஸ்வரங்கள் கொண்ட ஒரு துணுக்கு திரும்பத் திரும்ப வந்து தேய்கிறது. மேடையில் கடைசி முறை சத்தமே இல்லாமல் வாசிப்பதுபோல் பாவனை மட்டும் காட்ட வேண்டும். ஆடியோவில் கேட்டால் இது போச்சு. கண்ணை மூடி உட்கார்ந்திருந்த என்னிடம் மகள், “அப்பா, ஸ்பீக்கர் போயிடுச்சா?” என்றாள்.

ஆகவே முதல் முறை வீடியோவில் பாருங்கள், முகமூடியும் நீல வெளிச்சமும் சும்மா இல்லை. அப்புறம் ஹெட்போனில் கேளுங்கள். காரில் மட்டும் வேண்டாம். ஏற்காடு கொண்டை ஊசி வளைவுகளில் போட்டுப் பார்த்தேன். இரண்டாம் கியர் உறுமலில் திமிங்கிலம், செல்லோ எதுவும் கேட்கவில்லை, ஸ்ட்ராஸ் கிண்டல் மட்டும் தெளிவாகக் கேட்டது.