காரிடாரா, நடையா?

கோவை ஆஸ்பத்திரியில் "காரிடார்ல உக்காருங்க" என்பார்கள். எங்கள் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளில் உள்ளே போகும் வழிக்கு நடை என்று பெயர். இரண்டுமே காலின் வேலையில் பிறந்த சொற்கள்!

காரிடார் இத்தாலியில் பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஓடுவதைக் குறிக்கும் 'குர்ரெரெ' என்ற லத்தீன் வினைதான் மூலம். முதலில் கோட்டைமதிலை ஒட்டிய பாதையைக் குறித்தது, கட்டடத்துக்குள் நுழைந்தது அப்புறம்தான். ஈரோட்டிலிருந்து துணி போகும் கூரியரும், விசைத்தறியை ஓட்டும் கரண்டும் இதே வேரில் முளைத்தவை.

நடை, 'நட' என்ற வினையிலிருந்து வந்தது. அதன் வீச்சு பெரிது. கோயிலில் நடை சாத்துகிறார்கள், எழுத்துக்கு நடை உண்டு, மனிதரின் ஒழுக்கமும் நடைதான். வீட்டு நடைக்கே இன்னொரு பெயரான இடைகழி தேய்ந்து ரேழி ஆனது தனிக் கதை.

வீட்டுக்குள் ஓடுவதற்கு என்ன இருக்கிறது? அங்கே எனக்கு நடையே போதும். ஆஸ்பத்திரிக்குக் காரிடார் இருக்கட்டும், அது எல்லோருக்கும் புரிகிறது. ஆனால் மேட்டுப்பாளையம் கல்லாற்றில் யானைகள் கடக்கும் காட்டுக்கு இரண்டுமே வேண்டாம். வழித்தடம் என்ற நல்ல சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது.