கேட்டைச் சாத்திக்கொண்டு நாய்க்குப் பயிற்சி கொடுப்பவரிடம் விடாதீர்கள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் நாய் வளர்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் மணி ஏழு மாத லாப்ரடார். முன்கால் போகிற இடம் அவனுக்குத் தெரியும், பின்னால் இரண்டு கால் வருவதுதான் தெரியாது. படியில் இடித்துக்கொள்வான், திரும்பும்போது சறுக்குவான். பாலக்காட்டுப் பக்கம் ஒருவர், அடிக்காமல் தீனி கொடுத்தே இதைச் சரிசெய்யலாம் என்றார். 12 வகுப்பு, 9,000 ரூபாய், மொத்தமும் முன்பணம்.

முதல் இரண்டு வகுப்பு என் கண்முன்னே நன்றாகத்தான் நடந்தது. மூன்றாவதிலிருந்து, "ஓனர் நின்றால் நாய் கவனிக்காது" என்று கேட்டைச் சாத்திவிட்டார். நானும் நம்பிவிட்டேன். ஐந்தாம் நாள் அரைமணி முன்னதாகப் போனேன். வழுக்கும் டைல்ஸ் தரை, இரண்டு செங்கல் மேல் ஒரு பலகை. மணி கழுத்தில் சுருக்குச் சங்கிலி. ஒரு கையால் அதை மேலே இழுத்து, மறு கையால் இடுப்பைத் தள்ளிக்கொண்டிருந்தார். அவன் பலகையோடு ஒட்டிப் படுத்து உதட்டை நக்கினான், கொட்டாவி விட்டான். அது தூக்கக் கொட்டாவி இல்லை, பயத்தில் வருவது. கேட்டால், "கொஞ்சம் பேடி இல்லாமல் நாய் படிக்காது சாரே" என்கிறார். மலையாளத்தில் பேடி என்றால் பயம். தீனி டப்பா மூடியபடி ஓரத்தில் கிடந்தது.

மீதி வகுப்புக்கான பணம் வரவில்லை. ரசீதும் இல்லை. மிருகவதைத் தடுப்புச் சட்டம், 1960, பிரிவு 11 என்று சொல்லிப் பார்த்தேன்; சிரித்தார். மணியின் கழுத்தில் தோல் உரிந்திருந்தது. பெரிய இன நாய்களுக்கு எலும்பு முனையில் வளர்ச்சி முடியவே ஒரு வயதுக்கு மேல் ஆகும், அதுவரை உயரம் தாண்ட வைக்காதீர்கள் என்றார் கால்நடை மருத்துவர். அங்கே தாண்டவும் வைத்திருக்கிறார்கள்.

இப்போது வீட்டில் நானே பழக்குகிறேன். சாக்கு விரித்து, அதன்மேல் அம்மாவின் பழைய மணை. முன்கால் இரண்டையும் அவனாக மணையில் வைத்தால் "சரி" என்பேன், உடனே சுண்டுவிரல் நுனியளவு வேகவைத்த கோழி. அப்புறம் நான் மெதுவாகச் சுற்றி நகர்வேன். முன்கால் மணையிலேயே இருக்க, பின்கால் ஒரு எட்டு பக்கவாட்டில் நகர்ந்தால் மறுபடி "சரி". தோப்பில் தென்னைமட்டைகளை இடைவெளி விட்டுத் தரையில் போட்டு, மெல்லத் தாண்டி நடக்க வைக்கிறேன். ஒரு தடவைக்கு மூன்று நான்கு நிமிடம் போதும். அவன் விலகிப் போனால் அன்றைக்கு அவ்வளவுதான்.

பணம் கட்டுமுன் இரண்டே கேள்வி கேளுங்கள். நாய் மறுத்தால் என்ன செய்வீர்கள்? ஒவ்வொரு வகுப்பிலும் நான் உடன் இருக்கலாமா? இரண்டாவதற்கு மழுப்பினால் நாயைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

மணையில் ஏறுகிறான். பலகையைக் கண்டால் மட்டும் இன்னும் என் காலுக்குப் பின்னால் வந்து நின்றுகொள்கிறான்.