டிராப்பிகா ஸ்பெஷலைஸ்டு நியூட்ரிஷன்: வாடும் மீன்தொட்டிச் செடிக்கு வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் உங்கள் செடிக்கு வந்திருப்பது சத்துக்குறைவுதானா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். இந்த டென்மார்க் திரவ உரம் அதைத்தான் சரிசெய்யும், வேறு கோளாறுக்கு எவ்வளவு ஊற்றினாலும் பாசிதான் கொழுக்கும்.

என்னுடையது சிங்கப்பூர் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக் கூடத்தில் இருக்கும் சின்ன மீன்தொட்டி, 25 லிட்டர். கொஞ்சம் நியான் டெட்ரா, கொஞ்சம் செர்ரி இறால், அடியில் வெறும் சரளைக்கல். மீன் குறைவு என்பதால் கழிவும் குறைவு, கல்லில் சத்து கிடையாது, வாரா வாரம் தண்ணீரும் மாற்றுகிறேன். அப்புறம் செடிக்குச் சாப்பாடு எங்கிருந்து வரும்? வேகமாக வளரும் ஹைக்ரோஃபிலா என்ற செடிதான் முதலில் இளைத்தது. ஒரு கடையில் போய்க் கேட்டால், இலை எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்காமல் விலை கூடிய கார்பன் டை ஆக்சைடு செட்டை எடுத்துக் காட்டினார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. நோயைப் பார்க்காமல் மருந்து விற்கலாமா?

இலையைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். என் ஹைக்ரோஃபிலாவில் கீழே இருந்த பழைய இலைகளில் குண்டூசியால் குத்தியது போலச் சின்னச் சின்ன ஓட்டைகள், ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய மஞ்சள் வளையம், நுனிக் குருத்து மட்டும் நல்ல பச்சை. இது பொட்டாசியம் குறைவதன் அடையாளம். பொட்டாசியம், நைட்ரஜன், பாஸ்பரஸ், மக்னீசியம் இந்த நான்கையும் செடி பழைய இலையிலிருந்து உருவிப் புது இலைக்குக் கொடுத்துவிடும், அதனால் இவற்றில் ஒன்று குறைந்தாலும் கீழ் இலைதான் முதலில் வாடும். கீழ் இலை முழுக்கச் சீராக மஞ்சளாகி உதிர்ந்தால் நைட்ரஜனைச் சந்தேகப்படுங்கள். இரும்பு அப்படி இடம் மாறாது, அது குறைந்தால் புதுக் குருத்துதான் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும்.

இந்த உரத்தில் நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் மூன்றும் உண்டு, கூடவே மக்னீசியம், இரும்பு, மற்ற நுண்சத்துகள். மீன் குறைவாக, செடி நிறைய உள்ள தொட்டிக்கு இதுதான் பொருத்தம். 50 லிட்டருக்கு வாரம் 6 மில்லி என்பது கணக்கு. நான் பாதி அளவில் ஆரம்பித்தேன், பாசி வரவில்லை என்று பார்த்துவிட்டு முழு அளவுக்குப் போனேன். சின்னத் தொட்டிக்கு ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்து ஊற்றுவது நல்லது, ஒரு மில்லி கூடினாலும் இங்கே பெரிய வித்தியாசம். நுண்சத்துகளில் துளி செம்பும் இருப்பதால் இறால் வைத்திருப்பவர்கள் அளவை மீறவே கூடாது. சொன்ன அளவில் என் இறால்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சில வாரங்களில் மேலே வந்த இலைகள் ஓட்டையில்லாமல், கையில் தொட்டால் விறைப்பாக, முன்பைவிட அகலமாக வந்தன. அந்த முதல் நல்ல இலையைப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். பழைய ஓட்டை இலை ஆறாது, அதைப் பார்த்து உரம் வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். புது இலை வரத் தொடங்கியதும் அதை வெட்டி எறிந்துவிடுங்கள், அழுகினால் தண்ணீர்தான் கெடும்.

உரத்தால் தீராத கோளாறுகளும் உண்டு. புதிதாக நட்ட கிரிப்டோகோரைன் என்ற நீர்ச்செடியின் இலையெல்லாம் கூழாகிப் போனால் பதறி உரம் ஊற்ற வேண்டாம். நம் கடைகளில் நிறையக் கிடைக்கும் வென்ட்டி வகை, இலங்கை ஓடைகளில் வளரும் செடி, இடம் மாறினாலே இலையை உதிர்த்துவிட்டு மறுபடி துளிர்க்கும். வேர் வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் அப்படியே விடுங்கள். கறுத்து நாறினால்தான் பிரச்சினை. அனுபியாஸ் அழுகினால், கிடைத்தண்டு கல்லுக்குள் புதைந்திருக்கிறதா என்று பாருங்கள், அதை வெளியே எடுத்து மரத்தில் கட்டினாலே பல நேரம் பிழைத்துக்கொள்ளும். ஜாவா ஃபெர்ன் இலைக்கு அடியில் வரிசையாகக் கறுப்புப் புள்ளி தெரிந்தால் அது நோயே இல்லை, வித்துப்பைகள்.

வெயிலையும் விளக்கையும் சொல்லியாக வேண்டும். சிங்கப்பூர் வீட்டில் தொட்டித் தண்ணீர் சாதாரணமாகவே 28, 30 டிகிரிக்குப் போய்விடும், சூடு கூடக் கூடத் தண்ணீரில் வாயுக்கள் கரைவதும் குறையும். மேலே ஒரு சின்ன விசிறி வைத்தால் ஒன்றிரண்டு டிகிரி இறங்கும். விளக்கை டைமரில் 6 முதல் 8 மணி நேரம் போட்டால் போதும், ஜன்னல் வெயில் நேராக விழவே கூடாது. தண்ணீர் மாற்றும்போது குளோரின் நீக்கி கட்டாயம், ஏனென்றால் பொதுப் பயனீட்டுக் கழகத் தண்ணீரில் இருப்பது குளோரமின் என்ற கிருமிநாசினி, வாளியில் பிடித்து ஒருநாள் வைத்தாலும் போகாது.

விலை முதலில் கூடுதலாகத் தெரியும். ஆனால் 300 மில்லி பாட்டில், என் தொட்டிக்கு வாரம் 3 மில்லி வீதம் 100 வாரம் வரும், அதற்கு இது தாராளமாகத் தகும். மீன் நிறைய, செடி கொஞ்சம் என்றால் உங்களுக்கு வேண்டியது இதுவல்ல, நைட்ரஜனும் பாஸ்பரஸும் சேர்க்காத பிரீமியம் நியூட்ரிஷன். இரண்டும் ஒரே நிறுவனத்துச் சரக்கு, கடையில் பாட்டிலின் மேல் உள்ள பெயரைப் படித்துவிட்டுக் காசு கொடுங்கள்.